வேனுக்கு அடியில் வெள்ளைச் சாக்கு

என் தைரியத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்ட என் அண்ணாவுக்கு,

ஆஸ்பத்திரி வாசலில், உன் வேனின் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே உன் மகள் வேதா. பிரசவ வலியோடு அவளைக் கொண்டுவந்து சேர்த்தபோது வெயில் உச்சியில் இருந்தது. இப்போது வேப்பமரத்து நிழல் வேனைத் தாண்டி மதில்சுவர் வரைக்கும் போய்விட்டது. உள்ளேயிருந்து இன்னும் ஒரு சொல் வரவில்லை. அண்ணி அந்தக் கதவோடு கதவாக நிற்கிறார்கள். ஆம்பளைகள் இங்கே நிற்கக் கூடாது என்று நர்சம்மா என்னை விரட்டிவிட்டாள்.

சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கிறது. பையைத் தடவியபோது அச்சாபீஸ்காரர் கொடுத்த தாள்கள் கையில் பட்டன. சித்திரை கழிந்து வைகாசி பிறந்தால் உன் வருஷத் திதி. நினைவஞ்சலி நோட்டீசுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். உன்னைப் பற்றி நாலு வரியில் என்ன எழுதுவது? உனக்கே எழுதிவிடலாம் என்று ஆரம்பித்துவிட்டேன். திதிக்கு வருகிறவர்கள் விருப்பப்பட்டால் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் வேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பாய். மகளைப் பற்றி அப்புறம்தான். கோபித்துக்கொள்ளாதே, உன் குணம் அது.

பெட்ரோல் விலை ஏறினதிலிருந்து நீ சொல்லிக்கொண்டே இருந்தாயே, இந்தப் பழைய இஞ்சினைத் தூக்கிக் கடாசிவிட்டு டீசல் இஞ்சின் போட வேண்டும் என்று. எங்கோ அலைந்து ஒரு பழைய டீசல் இஞ்சினை வாங்கி, நம் உரக்கடையின் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடியும் வைத்தாய். அதை மாட்டுவதற்குள் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. நீ போனபிறகு அந்தத் தார்ப்பாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அங்கே நீ படுத்திருப்பது மாதிரியே இருக்கும். உர மூட்டை எடுக்கக்கூட அந்தப் பக்கம் போகாமல் ஆளை அனுப்புவேன்.

தை மாதம் நல்லவாட்டிலிருந்து மீன்கூடைக்காரிகளை ஏற்றிக்கொண்டு வரும்போது பழைய இஞ்சின் நடுரோட்டில் உயிரை விட்டது. அவர்களே இறங்கித் தள்ளினார்கள். "பெரியவரு இருந்தப்ப வண்டி இப்டி பண்ணாது" என்று ஒருத்தி சொன்னாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

வில்லியனூர் பட்டறை கஜேந்திரனிடம் விட்டு உன் டீசல் இஞ்சினை மாட்டினேன். அவனை உனக்குத் தெரியும். வேலை சுத்தம், வாய்தான் வேலையை விடப் பெரியது. உன் வேனோ சாதாரண வேன் இல்லை. பிரெஞ்சுக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது, ஸ்டியரிங் இடது பக்கம். இஞ்சின் முன்னால் இருக்கும் இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்கு அடியில். அந்தப் பொந்துக்குள் இந்த இஞ்சினை உட்கார வைக்கிறதுக்குள் கஜேந்திரனுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆனாலும் உட்கார வைத்துவிட்டான்.

வண்டி நன்றாக ஓடியது அண்ணா. அதைச் சொல்லியே ஆக வேண்டும். சத்தம் அதிகம், ஆனால் இழுவை இருந்தது. நான் என் சுபாவப்படி தினமும் காலையில் குனிந்து அடியில் பார்ப்பேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன் வேறு என்ன செய்வான்? கடையில் உரம் வந்த வெள்ளைச் சாக்குகளைத் துவைத்துக் காயவைத்து, ராத்திரி வண்டிக்கு அடியில் ஒன்றை விரித்துவிட்டுப் படுப்பேன். விடிந்ததும் எடுத்துப் பார்ப்பேன். ஒரு பொட்டுக்கூட இருக்காது. கஜேந்திரன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா மொதலாளி, வண்டிக்குப் பாய் போட்டுத் தூங்க வக்கிறீங்களா?" என்று கேட்டான்.

வேதாவுக்கு ஒன்பதாம் மாதம் அபிஷேகப்பாக்கத்தில், அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு வைத்தார்கள். வரிசைத் தட்டுகளோடு நான்தான் வேனை ஓட்டிக்கொண்டு போனேன். அண்ணியும் வந்தார்கள். வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார்கள். வேதா ஆள்மேல் ஆள் அனுப்பியதால் வந்தார்கள், ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. துக்க வருஷம் கழியவில்லை, நான் வந்து நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று வேனிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். உள்ளே என் வீட்டுக்காரியும் மற்றவர்களும் வேதாவுக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தபோது, பெற்ற தாய் வெளியே வண்டியில் தனியாக இருந்தார்கள். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். "வளையல் சத்தம் இங்கியே கேக்குது தம்பி, நீங்க போங்க" என்றார்கள்.

அன்று சாயங்காலம் வேதாவைப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மறுநாள் காலையில் வெள்ளைச் சாக்கில் ஒரு கறுப்புப் பொட்டு.

கொஞ்சம் இரு. வேனுக்கு அடியில் பார்த்துவிட்டு வருகிறேன்.

காய்ந்துதான் இருக்கிறது. இங்கேயும் ஒரு சாக்கை விரித்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி காவலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறான்.

பொட்டு என்று சொன்னேனே, அது வாரம் போகப் போகப் பூரி அளவுக்கு வளர்ந்தது. ஆயில் குறையும், ஊற்றுவேன், மறுபடி குறையும். வண்டிக்குள் உட்கார்ந்தாலே கருகின ஆயில் வாடை. கஜேந்திரனைக் கூப்பிட்டேன். மேல்மூடியின் கேஸ்கெட்டில் கசிகிறது என்று சொல்லி, புதுக் கார்க் அட்டை வெட்டிப் போட்டான். "புது எடத்துல ஒக்காந்த இஞ்சினு, கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும். இனிமே ஒரு சொட்டு வுழுந்தா எம்பேர மாத்திக்கிறேன்" என்றான். இரண்டே நாளில் முன்பக்கத்திலிருந்து கசிந்தது. அதற்கு ஒரு சீல் போட்டான். அப்புறம் பின்பக்கம். புதுப் பேர் என்ன வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்கலாம் போல இருந்தது, கேட்கவில்லை. எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம்.

பயத்துக்குக் காரணம் இதுதான். வளைகாப்பு முடிந்த கையோடு வேதாவைப் பெரிய டாக்டரம்மாவிடம் காட்டினோம். குழந்தை தலைகீழாகத் திரும்பவில்லை, தலை மேலேயே இருக்கிறது என்றார்கள். "ஊர்ல வச்சிப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. வலி எடுத்ததும் நேரா இங்க வந்துடணும். வழியில எங்கியும் நிக்கக் கூடாது" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள். வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது. அந்த ஒரு வார்த்தையோடு நான் எத்தனை நாள் படுத்து எழுந்தேன் தெரியுமா? பாகூரில் இருக்கும் வாடகைக் கார் பங்குனி முகூர்த்தங்களுக்குப் போய்விட்டால் ஊரில் வேறு வண்டி கிடையாது. பஸ்ஸில் ஏற்றுகிற நிலைமை இல்லை. நீ விட்டுப்போன வேன்தான் கதி. அது ரத்தம் சிந்துகிற மாதிரி ஆயிலைச் சிந்திக்கொண்டு நிற்கிறது.

ஆயில் வற்றி இஞ்சின் இறுகிப்போனால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீதான். ஆத்துப் பாலத்துமேல் அப்படி ஒரு லாரி நின்றுபோனதை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம். கண்ணை மூடினால் அந்தப் பாலத்தில் நம் வேன் நிற்கும். உள்ளே வேதா. நான் கையைப் பிசைந்துகொண்டு ரோட்டில். நீ என்ன செய்திருப்பாய் என்று யோசிப்பேன். நீ நிற்கவே விட்டிருக்க மாட்டாய் என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலால் எனக்கு என்ன பிரயோஜனம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயில் அளவு பார்க்கிற கம்பி இருக்கிறதே, அதை நான் காலையில் அழுத்திச் செருகிவிட்டுப் போவேன். சாயங்காலம் பார்த்தால் விரல்கடை உயரத்துக்கு மேலே எழும்பி நிற்கும். நான்தான் சரியாக அழுத்தவில்லை போல என்று மறுபடி அழுத்துவேன். மறுபடி எழும்பும். என்மேல் எனக்கு எப்போது நம்பிக்கை இருந்தது? அதனால் இதைக் கஜேந்திரனிடம் சொல்லவே இல்லை.

போன வாரம் அவன் வந்து, "இஞ்சின எறக்கித்தான் பாக்கணும் மொதலாளி. ஒரு வாரம் வண்டி பட்டறையில கெடக்கட்டும்" என்றான். எந்த நிமிஷமும் வலி எடுக்கலாம் என்கிற நேரத்தில் வாசலில் வண்டி இல்லாமல் ஒரு வாரம் எப்படி இருப்பது? கசிகிற வண்டி இருந்தால் தேவலையா, கசியாத வண்டி வில்லியனூரில் இருந்தால் தேவலையா? நான் முடியாது என்றேன். எங்கே கசிகிறது என்று முதலில் கண்ணால் காட்டு, அப்புறம் இறக்கு என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவனிடம் குரலை உயர்த்திப் பேசினேன். வேதாவே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

சரி என்று உட்கார்ந்தான். இஞ்சின் முழுக்க மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, காயவிட்டான். இனி மேலே மாவு மாதிரி ஏதாவது தூவி வண்டியை ஓடவிட்டால், ஆயில் எங்கே முதலில் நனைக்கிறது என்று தெரிந்துவிடும் என்றான். வீட்டில் அகப்பட்டது வேதாவின் முகப் பவுடர் டப்பா. அவளே கொண்டுவந்து கொடுத்தாள். நான் குனிந்து இஞ்சினுக்குப் பவுடர் பூசுவதைப் பார்த்து, "சித்தப்பா, எனக்குக் கல்யாணத்துலகூட இவ்ளோ பூசி வுடல நீ" என்றாள். சிரித்தோம். அந்த மாதம் முழுவதிலும் நான் சிரித்தது அப்போதுதான்.

வண்டியை ஸ்டார்ட் செய்து, மூடியைத் திறந்து வைத்து, மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் மேல்மூடியின் ஓரத்தில் பவுடர் நனைந்தது. இதோ, இங்கேதான் என்று கஜேந்திரன் விரலை நீட்டுவதற்குள் முன்பக்கம் நனைந்தது. பிறகு பின்பக்கம். அவன் புதிதாகப் போட்டிருந்த சீல்கள், அட்டைகள் எல்லாவற்றின் ஓரத்திலும் ஆயில் கோடு போட்டது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு எடத்துல வந்தா அடைச்சிடுவேன். எல்லா எடத்துலயும் வந்தா நா இன்னா பண்ணுவேன்?" என்றான்.

அப்போதுதான் எங்கள் கண்ணெதிரிலேயே அந்தக் கம்பி மெதுவாக எழும்பியது. யாரும் தொடவில்லை. நான் வாயைத் திறந்து, இது தினமும் இப்படித்தான் எழும்புகிறது என்றேன். கஜேந்திரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா மொதலாளி?" என்று கேட்டுக்கொண்டே ஆயில் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகினான். புஸ்ஸென்று சூடான காற்று அவன் முகத்தில் அடித்தது.

வண்டியை நிறுத்திவிட்டு அவன் சொன்னது இதுதான். இஞ்சின் ஓட ஓட உள்ளே காற்று சேரும். அது வெளியே போக ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் காற்று உள்ளேயே முட்டும், ஆயிலை எந்த இடுக்கு கிடைத்தாலும் அதன் வழியாக வெளியே தள்ளும். எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது. இஞ்சினுக்கும் தகரச் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவினான். குடைப்பிடி மாதிரி வளைந்த ஒரு குழாய். அதன் வாயை மூடி, மடித்து மடித்து இறுகக் கட்டிய ஒரு துணி, ஆயிலில் ஊறிக் கன்னங்கரேலென்று இருந்தது.

"இந்தத் துணிய எதுக்குக் கட்டுனீங்க?"

"நீ கட்டினதுன்னுல்ல நான் நெனச்சேன்."

"நா எதுக்குக் கட்டறேன்? ஆயில் சொட்டுதுன்னு நீங்கதான் பயந்து கட்டிட்டீங்கன்னு நா ஒண்ணுஞ் சொல்லல."

இப்படியே இரண்டு பேரும் ஒரு மாதமாக அந்த இடுக்கில் தெரிந்த துணி நுனியைப் பார்த்துப் பார்த்து, அது குழாயின் வாயில் இருப்பது தெரியாமலே, ஒருத்தர் மனசு நோகக் கூடாது என்று இன்னொருத்தர் பேசாமல் இருந்திருக்கிறோம். அவன் கத்தியை எடுத்து அறுக்கப் போனான். முனையைத் திருப்பியபோது உள்மடிப்பில் கொஞ்சம் கறுக்காத இடம் தெரிந்தது. மஞ்சள் நிறம். அந்த முனையில் ஒரு முடிச்சு, முடிச்சுக்குள் தட்டையாக, கெட்டியாக ஏதோ ஒன்று. தொட்டுப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, காசு. சாமிக்கு வேண்டிக்கொண்டு முடிந்து வைத்த காசு. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் அண்ணி நின்றிருந்தார்கள்.

"அறுக்காதீங்க தம்பி" என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களாகவே சொன்னார்கள். "கொழந்த தல திரும்பலன்னு டாக்டரம்மா பெறவுதான் சொன்னாங்க, ஆனா எனக்கு முன்னாலேருந்தே மனசு சரியில்ல. கோயிலுக்கு நா வருஷம் கழியாம போவக் கூடாது. வூட்டுல சாமி மாடத்தத் தொடாதன்னு ஒறவுக்காரங்க சொல்லிட்டாங்க. எம்பொண்ணுக்கு நா எங்க போயி வேண்டிக்கிறது? வளைகாப்புல எல்லாரும் உள்ள இருந்தப்ப மூடியத் தொறந்தேன். அவரு கை பட்ட எடம் எனக்கு இது ஒண்ணுதான் இருக்குது. அவுந்து வுழாத எடமா பாத்துக் கட்டுனேன்."

அவிழ்ந்து விழாத இடம். இத்தனை பெரிய இஞ்சினில் அவர்கள் தேடிக் கண்டுபிடித்த இடம் அது. அங்கே கட்டினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் அண்ணா? மகளைக் கொண்டுபோகப் போகிற வண்டி ஆயிற்றே என்று பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கஜேந்திரன் எதிரிலேயே அழுதேன். அவன் திரும்பிக்கொண்டு ஸ்பானரைத் துடைத்தான்.

இப்போது ஒரு புதுப் பயம் வந்தது. அந்தத் துணியை எடுக்காவிட்டால் வண்டி நிற்கும். எடுத்தால், பிரசவம் ஆகும் முன்னே வேண்டுதலை அவிழ்த்த மாதிரி ஆகும். வேதாவுக்குப் பிள்ளைப்பேற்றுத் துணைக்கு வந்திருந்த அவள் மாமியார், சம்பந்தியம்மா, வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இந்த நேரத்துல போயி, இவங்க கையால..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். மீதியை யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வேதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். "அம்மா, காசு முடிஞ்ச முடிச்ச அவுக்க வேணாம். பைப்புல கட்டுனத மட்டும் நீயே அவுத்துடு. நீயே வேற எடத்துல கட்டு" என்றாள். அவ்வளவுதான். இத்தனை பேர் நின்று குழம்பிய விஷயத்தை அவள் புடவைக் கொசுவத்தைச் சரி செய்கிற மாதிரி தீர்த்துவிட்டாள். உன் மகள்தான்.

அண்ணியே கையை விட்டு, குழாயில் சுற்றியிருந்ததைப் பிரித்து எடுத்தார்கள். ஆயில் முழங்கை வரைக்கும் வழிந்தது. காசு முடிச்சு முடிச்சாகவே இருந்தது. கஜேந்திரன் குழாயில் வாயை வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, வண்டியை ஓடவிட்டான். கம்பி எழும்பவில்லை. பழைய பவுடரைத் துடைத்துவிட்டு மறுபடி பூசினோம். டப்பா காலி. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. "எம்பேரு அதேதான் மொதலாளி" என்றான்.

முடிச்சை எங்கே கட்டுவது? வலது சீட்டுக்கு எதிரே பிடித்துக்கொள்ளும் கம்பி இருக்கிறதே, அதில் கட்டினார்கள்.

அந்தச் சீட்டைப் பற்றி இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதால் முன்னால் போகிற வண்டியைத் தாண்ட வேண்டுமானால் ஓட்டுகிறவனுக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. வலது சீட்டில் இருப்பவர் எட்டிப் பார்த்து, வரலாம், இருங்கள் என்று சொல்ல வேண்டும். நீ இருந்தவரையில் குடும்பமாக எங்கே போனாலும் அங்கே உட்கார்ந்து வழி சொன்னது அண்ணிதான். நீ போனபிறகு அவர்கள் முன்னால் உட்காரவே இல்லை. வலுக்கட்டாயமாகக் கூப்பிட்டாலும் கடைசி சீட்டில் மூலையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

கொஞ்சம் இரு.

சாக்கு காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் நான் பார்க்கப் போனது அதை இல்லை என்று உனக்குத் தெரியும். நடை வரைக்கும் போய்வந்தேன். கதவு சாத்தித்தான் இருக்கிறது. நர்சுகள் வேகமாகப் போகிறார்கள், வருகிறார்கள். டாக்டரம்மா உள்ளே போனதைப் பார்த்தேன். வேகமாகப் போனால் நல்லதா கெட்டதா அண்ணா? என்னைப் பார்த்த சம்பந்தியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது அழுததை மறைக்கத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி நினைக்க எனக்குத் தெம்பு இல்லை.

இன்று காலை வேதாவுக்கு வலி எடுத்தது. என் வீட்டுக்காரி கடைக்கு ஓடிவந்து சொன்னபோது என் கையில் தராசு இருந்தது, அதை எங்கே வைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். வேதாவைப் பின்சீட்டில் படுக்க வைத்து, அவள் தலையைச் சம்பந்தியம்மா மடியில் வைத்துக்கொண்டார்கள். அண்ணி வெளியே வராமல் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். புறப்படுகிற நேரத்தில் எதிரே வந்துவிடக் கூடாது என்று அவர்களே ஒதுங்கி நின்றார்கள். நாங்கள் போனபிறகு பஸ் பிடித்து வருவதாகச் சொன்னார்கள்.

நான் சாவியைப் போட்டுவிட்டேன். வலது சீட்டு காலியாக இருந்தது. கம்பியில் அந்தக் கறுப்பு முடிச்சு. சட்டென்று இறங்கிப் போய், "நீங்க முன்னால ஒக்காருங்க அண்ணி. நீங்க வழி சொல்லாம என்னால ஓட்ட முடியாது" என்றேன்.

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, சம்பந்தியம்மாவைப் பார்த்தார்கள். அந்த நொடி எவ்வளவு நீளம் என்று நான் யாரிடம் சொல்ல? வேதா பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். சம்பந்தியம்மா வெடுக்கென்று, "இன்னாத்துக்கு நிக்கிறீங்க? ஏறுங்க சம்பந்தி, நேரமாவுது" என்றார்கள். அவர்களை இனிமேல் நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

ரோடு முழுக்கக் கரும்பு வண்டிகள். ஆலைக்குப் போகிற மாட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நடுநடுவே டிராக்டர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே ஒரு கரும்புச் சுவர். அண்ணி ஒரு கையால் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, "வரலாம் தம்பி... வரலாம்... இருங்க, லாரி வருது... இப்ப வாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். குரல் நடுங்கவில்லை. பின்னால் வேதா கத்தும்போது மட்டும் கண்ணை ஒரு தடவை மூடித் திறப்பார்கள், மறுபடி ரோட்டைப் பார்ப்பார்கள். ஆயில் முள் அசையாமல் நின்றது. கருகின வாடை இல்லை. ஆத்துப் பாலம் வந்தபோது நான் மூச்சையே விடவில்லை. பாலம் போனதும் அண்ணி, "தாண்டியாச்சு, மூச்ச வுடுங்க" என்றார்கள். கவனித்திருக்கிறார்கள்.

வழியில் எங்கேயும் நிற்கவில்லை அண்ணா. உன் இஞ்சின், உன் வேன். டாக்டரம்மா சொன்னபடி, எங்கேயும் நிற்கவில்லை.

அதற்கு மேல் என்னால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இஞ்சினில் எங்கே முட்டுகிறது என்று பவுடர் பூசிக் கண்டுபிடித்தோம். அந்தக் கதவுக்கு உள்ளே நடப்பதை நான் எதைப் பூசிப் பார்ப்பது? உனக்கு அங்கிருந்து ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் எப்படியாவது சொல்லேன்.

பேனாவை மூடிவிட்டேன். மறுபடி திறக்கிறேன். எழுத்து கோணலாக வருவதை மன்னித்துக்கொள்.

அண்ணி நடையிலிருந்து வந்தார்கள். நடந்து வந்தார்களா ஓடி வந்தார்களா என்று நினைவில்லை. நேராக வேனுக்குத்தான் வந்தார்கள். கம்பியில் இருந்த முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அப்புறம் என் மடியில் இருந்த தாள்களைப் பார்த்தார்கள். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்கவில்லை.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க தம்பி. அவருக்கு எழுதிடுங்க" என்றார்கள்.

எழுதிவிட்டேன் அண்ணா.

உன் வருஷத் திதி முடிந்த மறுநாள் இதே வேனில் எல்லோரும் கோயிலுக்குப் போவோம். முடிச்சை நான் தொட மாட்டேன், வேறு யாரையும் தொடவும் விடமாட்டேன். அண்ணியே தங்கள் கையால் அவிழ்த்து, தாங்களே உண்டியலில் போடுவார்கள். போகும்போதும் வரும்போதும் அவர்கள் வலது சீட்டில்தான் உட்காருவார்கள். யார் என்ன சொன்னாலும் சரி. இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன் கொடுக்கிற வாக்கு, நம்பலாம்.

இப்படிக்கு,
உன் தம்பி,
வேதாவின் சித்தப்பா,
இன்று சாயங்காலத்திலிருந்து உன் பேத்திக்குச் சின்னத் தாத்தா.